மிடில் ஸ்கூல் ஃபால் சீசன் (அமெரிக்கா, 6–8): எதைத் தவறவிடக் கூடாது, எதை விட்டால் பரவாயில்லை?

கொடிமுல்லை:
எலிமென்டரியில் ஒரே டீச்சர், வாரத்துக்கு ஒரு மெயில். 6-ம் வகுப்பு தொடங்கியதும் ஏழு டீச்சர், நர்ஸ், ஆபீஸ், பேண்ட், பிடிஏ (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) என்று ஆளாளுக்கு அனுப்புகிறார்கள். மூன்று ஆப் வேறு. ஆகஸ்ட் கடைசியிலிருந்து தேங்க்ஸ்கிவிங் வரை எதற்குக் கெடு கறார், எது சும்மா அறிவிப்பு? தெரிந்தவர்கள் பிரித்துச் சொன்னால் எல்லாருக்கும் உதவும்.

புளியமரத்தடி:
மூன்று குவியலாகப் பிரியுங்கள். தேதி தவறினால் பிள்ளையை வகுப்புக்குள் விடமாட்டார்கள் என்பவை முதல் குவியல். தவறினால் காசோ வாய்ப்போ போகும் என்பவை இரண்டாவது. மற்றதெல்லாம் மூன்றாவது. ஸ்பிரிட் வீக், பஜாமா டே, கலர் வார் எல்லாம் அந்த மூன்றாவது. பைஜாமா போடாமல் போனால் ஒன்றும் ஆகாது.

முதல் குவியலில் தடுப்பூசிதான் ராஜா. கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் 7-ம் வகுப்பில்தான் செக் பண்ணுவார்கள். கலிபோர்னியாவில் டீடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் ஊசி) ஒன்று, சின்னம்மை ஊசி இரண்டு. டெக்சாஸில் டீடாப்போடு மெனிஞ்சோகாக்கல் (மூளைக்காய்ச்சல் வகை) ஊசியும் உண்டு. நியூஜெர்சியில் இந்த இரண்டும் 6-லேயே வந்துவிடும். நியூயார்க்கில் டீடாப் 6-ல், மெனிஞ்சோகாக்கல் 7-ல். மாநிலம் மாறி வந்தவர்கள் பழைய மாநிலக் கணக்கில் இருந்துவிட்டு மாட்டுவது இங்கேதான்.

ஊரிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு மூன்று தனிச் சிக்கல்:

தேதி. நம்ம தடுப்பூசிப் புத்தகத்தில் 01/04/15 என்றால் ஏப்ரல் 1. இங்கே பதிவு செய்பவர் அதை ஜனவரி 4 என்று அடிப்பார். 2014 மார்ச் 20-ல் பிறந்த பிள்ளைக்கு அந்த ஊசி முதல் பிறந்தநாளுக்கு முன்பே போட்டதாகிவிடும். கணினி 'செல்லாது' என்று தள்ளிவிடும். புத்தகத்தைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் மாதப் பெயரை எழுத்தால் எழுதிவிடுங்கள்.

ஒன்பது மாத ஊசி. இங்கே தட்டம்மை ஊசி முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டிருந்தால்தான் கணக்கு. ஒன்பதாம் மாதமும் பதினைந்தாம் மாதமும் போட்டு அதோடு நிறுத்தியிருந்தால் செல்லுபடியாவது ஒன்றே ஒன்று. இன்னொரு டோஸ் கேட்பார்கள்.

எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) வேறு, எம்எம்ஆர் (இவற்றோடு பொன்னுக்கு வீங்கியும்) வேறு. அரசு மருத்துவமனையில் போடுகிற எம்ஆரில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து இல்லை. 'தட்டம்மைதான் போட்டாச்சே' என்று வாதாடிப் பயனில்லை. எம்எம்ஆர் போட்டால்தான் அந்தக் கட்டம் நிரம்பும்.

எம்எம்ஆரும் சின்னம்மை ஊசியும் உயிர்க்கிருமி வகை. இரண்டும் வேண்டுமென்றால் ஒரே நாளில் போடலாம், விட்டால் 28 நாள் இடைவெளி வேண்டும். ஸ்கூல் திறக்கும் வாரத்தில் ஓடினால் இந்த 28 நாளில்தான் சிக்குவோம்.

ஏழாம்பீரியட்:
நல்ல பட்டியல். பிசிஜி தழும்பு உள்ள பிள்ளைக்கு டிபி டெஸ்ட் கேட்டால் தோலில் குத்துகிற டெஸ்ட் வேண்டாம், ரத்தப் பரிசோதனை கேளுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிசிஜி போட்டவர்களுக்குத் தோல் டெஸ்ட் வீங்கி பாசிட்டிவ் காட்டலாம். பிறகு எக்ஸ்ரே, கடிதம் என்று இரண்டு வாரம் போகும்.

விளையாட்டு அணியில் சேரக் கேட்கும் ஸ்போர்ட்ஸ் ஃபிசிக்கலும் (டாக்டரின் உடல்தகுதிப் பரிசோதனை) இதே கதை. கிராஸ் கன்ட்ரி, வாலிபால் எல்லாம் பள்ளி தொடங்கிய முதல் வாரத்திலேயே அணித் தேர்வு. டாக்டர் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் கோச் மைதானத்தில் நிற்கக்கூட விடமாட்டார். வருடாந்திர செக்கப்புக்குப் போகும்போதே அந்தப் படிவத்தை அச்சடித்துக்கொண்டு போய் நிரப்பி வாங்குங்கள். செக்கப் மார்ச்சில் முடிந்துவிட்டது என்றால், பல கிளினிக்குகள் அந்தப் பதிவைப் பார்த்தே படிவத்தை நிரப்பித் தரும். முதலில் போன் செய்து கேளுங்கள். தனி அப்பாயின்ட்மென்ட் போட்டால் இன்சூரன்ஸ் தராமல் போகலாம், வருடத்துக்கு ஒரு செக்கப்தான் அவர்கள் கணக்கு.

பின்வாசல்:
எல்லாரும் படிவத்தையே பேசுகிறீர்கள். 6-ம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் வாரத்தில் நிஜமான பயம் லாக்கர்தான். மணி அடிக்க நாலு நிமிஷம், பூட்டு திறக்கவில்லை, பின்னால் கூட்டம். இதை வீட்டிலேயே பழக்கிவிடலாம். சுழற்றுப் பூட்டு ஒன்று வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு படி சொல்லும் அளவுக்கு.

எண்கள் 12, 34, 6 என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கடிகார முள் போகிற திசையில் குறைந்தது மூன்று முழுச் சுற்று. பிறகு 12-ல் நிறுத்து. இந்த மூன்று சுற்று முந்தின முயற்சியை அழிப்பதற்காக. குறைத்தால் பழைய நிலையிலேயே நிற்கும்.

அடுத்து எதிர்த்திசை. 34 ஒருமுறை வரும், நிறுத்தாதே. 12-ஐயும் ஒருமுறை கடந்து போ. இரண்டாம் தடவை 34 வரும்போது நிறுத்து. பத்தில் எட்டுப் பிள்ளைகள் தவறுவது இந்த இடத்தில்தான், முதல் 34-லேயே நின்றுவிடுவார்கள்.

கடைசியாக மறுபடி கடிகாரத் திசை, நேராக 6-க்கு. சுற்றக் கூடாது.

ஒரு கோடு தாண்டிப் போய்விட்டால் பின்னால் திருப்பிச் சரிசெய்ய முடியாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பதற்றத்தில் பிள்ளைகள் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்ப்பார்கள், அதனால்தான் 'பூட்டு கெட்டுப்போச்சு' என்று வந்து நிற்பார்கள்.

எண் சரியாக இருந்தும் கதவோடு சேர்ந்த பூட்டு திறக்கவில்லை என்றால், உள்ளே பை கதவை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். முழங்காலால் கதவை உள்ளே அழுத்திக்கொண்டு கைப்பிடியைத் தூக்கினால் திறந்துவிடும். கடைசி எண்ணில் விட்டுவிட்டுப் போகாமல், பூட்டியதும் ஒரு சுற்று சுற்றிவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவன் கைப்பிடியைத் தூக்கினாலே திறக்கும்.

கொடிமுல்லை:
இது பொன்னான பதில். அந்த 'இரண்டாம் 34' விஷயம் பூட்டோடு வந்த தாளில் இருக்கிறது, ஆனால் இவ்வளவு தெளிவாக இல்லை. அவசரத் தொடர்பு, லஞ்ச் படிவங்களையும் சொல்லுங்கள். போன வருஷம் நிரப்பியதே போதாதா?

புளியமரத்தடி:
போதாது. இரண்டுமே வருடாவருடம்.

லஞ்ச் விஷயம்: கலிபோர்னியா, மசாசூசெட்ஸ், மினசோட்டா மாதிரி எல்லாப் பிள்ளைக்கும் இலவசச் சாப்பாடு தரும் மாநிலங்களில் பிரச்சினை இல்லை. மற்ற இடங்களில் இலவசமோ சலுகை விலையோ பெறுபவர்களுக்கு, போன வருடத் தகுதி புது வருடத்தில் 30 பள்ளி நாட்களுக்கு மட்டுமே ஓடும். அதற்குள் புது விண்ணப்பம் ஏறவில்லை என்றால் 31-ம் நாளிலிருந்து முழு விலை விழ ஆரம்பிக்கும், அநேகமாக அக்டோபரில். பிள்ளைக்குத் தெரியாது, வரிசையில் நம்பரை அடித்துக்கொண்டே இருக்கும். பெற்றோருக்கு நவம்பரில் கடன் பாக்கி மெயில் வரும்போதுதான் தெரியும்.

அவசரத் தொடர்பில் இருவர் பெயராவது இருக்கட்டும், நம்மைத் தவிர. பகலில் போன் எடுக்கக்கூடிய, அடையாள அட்டையோடு வந்து கூட்டிப்போகக்கூடிய ஆட்கள். ஊரில் இருக்கிற தாத்தா நம்பரைப் போட்டு என்ன பயன்?

அந்தக் கட்டிலேயே ஒரு தாள் இருக்கும்: பிள்ளையின் பெயர், படம் போன்ற தகவலை வெளியிடலாமா என்று கேட்பது. தனியுரிமைக்காக எல்லாவற்றுக்கும் 'கூடாது' என்று டிக் அடித்துவிடுகிறார்கள். பல பள்ளிகளில் அப்படிச் செய்தால் இயர்புக்கிலும் (பள்ளி ஆண்டு மலர்) படம் வராது, ஹானர் ரோல் பட்டியலிலும் பெயர் வராது. வெளியாட்களுக்குக் கூடாது, இயர்புக்குக்கு ஓகே என்று பிரித்துக் குறிக்க இடம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆபீஸில் கேளுங்கள்.

மாத்திரைப்பெட்டி:
நர்ஸ் பக்கம் இருந்து சில வரிகள்.

பல பள்ளிகளில் எந்த மருந்துக்கும் டாக்டர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும், சாதாரண பாரசிட்டமாலுக்குக்கூட. ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்ட்ரிப்பைப் பையில் போட்டு அனுப்பாதீர்கள். அது மருந்தாக இருந்தாலும் பள்ளி விதிப்படி தடைசெய்யப்பட்ட பொருள். பிள்ளைதான் பிரின்சிபல் அறையில் உட்காரும்.

இன்ஹேலர், எபிபென் (கடும் அலர்ஜிக்கான அவசர ஊசி) இரண்டுக்கும் பார்மசி லேபிள் ஒட்டிய அசல் பெட்டி வேண்டும். வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று மருந்துச்சீட்டு எழுதும்போதே டாக்டரிடம் சொல்லிவிட்டால் பார்மசியில் இரண்டு லேபிளாகத் தருவார்கள். காலாவதி மாதத்தைப் பாருங்கள். ஜனவரியில் முடிகிற எபிபென்னை செப்டம்பரில் கொடுத்தால் நடு வருடத்தில் திரும்ப ஓட வேண்டும். பிள்ளை தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதிக்கத் தனிக் கட்டம் இருக்கும். மிடில் ஸ்கூலில் வகுப்புக்கு வகுப்பு நடப்பதால் அதை நிரப்புவது முக்கியம். நர்ஸ் அறை கட்டடத்தின் இன்னொரு மூலையில் இருக்கலாம்.

ரீடுக்காரன்:
பேண்ட் எடுக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு. செப்டம்பரில் வாத்தியம் வாடகைக்கு எடுப்பார்கள். மாத வாடகை வாங்கும் விலையில் கழிக்கப்படுமா, ரிப்பேர் காப்பீடு சேர்த்தா என்று இரண்டே கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஆன்லைனில் கிடைக்கிற பளபள மலிவு கிளாரினெட்டை வாங்கிவிட்டு ஸ்க்ரூ கழன்றதும் ரிப்பேர் கடைக்கு எடுத்துப்போனால் 'பாகம் கிடைக்காது' என்று திருப்பிவிடுவார்கள்.

கிளாரினெட் என்றால் ரீடு (ஊதும்போது அதிரும் நாணல் துண்டு) கடினத்தில் இரண்டு அல்லது இரண்டரை எண், எப்போதும் கையில் மூன்று. ஒன்று நுனி உடையும், ஒன்று காயும், ஒன்றுதான் வாசிக்கும். வாசித்து முடித்ததும் ரீடை வாத்தியத்தின் ஊதுமுனையிலேயே விட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும், வளைந்தும் போகும். கழற்றித் துடைத்து அதற்கான உறையில் வைக்க வேண்டும். இணைப்பில் இருக்கும் கார்க் இறுகி உள்ளே போகாவிட்டால் பலம் போடாமல் கார்க் கிரீஸ் தடவுங்கள். டிரம்பெட்டுக்கு வால்வ் ஆயில், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை.

கச்சேரி உடை பெரும்பாலும் கறுப்பு பேன்ட், கறுப்பு சாக்ஸ், கறுப்பு ஷூ. சாக்ஸைத்தான் எல்லாரும் மறப்பார்கள். மேடையில் உட்கார்ந்தால் பேன்ட் ஏறி வெள்ளை சாக்ஸ்தான் முதலில் தெரியும்.

அட்டவணை:
பேக் டு ஸ்கூல் நைட்டும் பேரன்ட் டீச்சர் கான்ஃபரன்ஸும் ஒன்று என்று நினைத்துப் போகிறவர்கள் நிறைய. முன்னதில் பிள்ளையின் கால அட்டவணைப்படி ஒவ்வொரு வகுப்பிலும் பத்து நிமிஷம், ஆசிரியர் பாடத்திட்டம் சொல்வார், அவ்வளவே. 'என் பையன் எப்படிப் படிக்கிறான்' என்று அங்கே கேட்டால் பின்னால் நிற்கிற இருபது பேர் முறைப்பார்கள். அட்டவணையை அச்சடித்துக்கொண்டு போங்கள். ஏ நாள், பி நாள் என்று அட்டவணை மாறி மாறி வரும் பள்ளிகளில் அன்றைக்கு எந்த நாள் கணக்கு என்பதையும் பாருங்கள்.

கான்ஃபரன்ஸ் அக்டோபர், நவம்பர் வாக்கில். 10 அல்லது 15 நிமிஷம். நேரம் பிடிக்கிற லிங்க் திறந்த அன்றே மாலை இடங்கள் நிரம்பிவிடும். அந்த வாரம் பாதி நாள் பள்ளி என்பதால் ஆப்டர் ஸ்கூலும் பஸ்ஸும் எத்தனை மணிக்கு என்று தனியாகக் கேட்டு வையுங்கள்.

பிக்சர் டே: ஆர்டர் பண்ணாவிட்டாலும் எல்லாருக்கும் படம் எடுப்பார்கள், ஐடி கார்டுக்கும் இயர்புக்குக்கும் அதுதான். பச்சைச் சட்டை வேண்டாம். பின்னணியை மாற்ற பச்சைத் திரை வைக்கும் ஸ்டுடியோ என்றால் சட்டை மறைந்து தலை மட்டும் மிதக்கும். சரியாக வரவில்லை என்றால் ரீடேக் நாள் ஒன்று உண்டு, முதல் படத் தொகுப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்கள்.

இயர்புக் என்றதும் பெயர் விஷயம். இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருப்போம், அல்லது பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயரே இல்லாமல் முதல் பெயர் இரண்டு தடவை விழுந்திருக்கும். இயர்புக், பிஎஸ்ஏடி 8/9 தேர்வு, போட்டிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பள்ளிக் கணினியில் இருப்பதே வரும். போர்ட்டலில் சட்டப்பெயர், அழைக்கும் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கிறதா பாருங்கள். செப்டம்பரில் திருத்தினால் சுலபம், மே மாதம் அச்சான பிறகு வருத்தப்பட்டு ஆகப்போவதில்லை.

கணக்குப்பிள்ளை:
கான்ஃபரன்ஸுக்குப் போகும் முன் போர்ட்டலில் மார்க் படிக்கத் தெரிய வேண்டும். ஒரு கணக்கு. நாலு ஹோம்வொர்க்கில் 9/10. சராசரி 90. ஐந்தாவது 'மிஸ்ஸிங்' ஆகி பூஜ்யம் விழுந்தால் 36/50, அதாவது 72. ஒரே தாளில் 18 புள்ளி போச்சு. ஆனால் ஹோம்வொர்க்குக்கு மொத்தத்தில் 20 சதவீதம்தான், டெஸ்ட்டுக்கு 80 சதவீதம், டெஸ்ட்டில் 90 என்றால் மொத்தம் 86.4. பதறுமுன் எந்தப் பிரிவுக்கு எவ்வளவு எடை என்று பாருங்கள்.

வெற்றிடமாக இருந்தால் ஆசிரியர் இன்னும் திருத்தவில்லை, கணக்கில் சேராது. 'மிஸ்ஸிங்' என்றால் பல பள்ளிகளில் பூஜ்யமாகவே சேரும். பிள்ளை கொடுத்துவிட்டேன் என்று சத்தியம் செய்தால், அநேகமாக கூகுள் கிளாஸ்ரூமில் ஃபைலை இணைத்துவிட்டு 'டர்ன் இன்' அழுத்தாமல் விட்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

பின்வாசல்:
தினமும் போர்ட்டல் பார்க்கச் சொல்கிறீர்களா? அது பிள்ளையைப் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வைக்கிற மாதிரி.

கணக்குப்பிள்ளை:
தினமும் இல்லை. ஞாயிறு மாலை ஒருமுறை, பிள்ளை திறந்து காட்டட்டும், நாம் பக்கத்தில் உட்காரலாம். மிஸ்ஸிங் மட்டும் பார்த்தால் போதும். சராசரி தினமும் ஏறி இறங்கும், ஆசிரியர் ஏற்றுகிற வேகத்தைப் பொறுத்தது. லேட் வேலைக்கு எத்தனை நாள் கெடு, எவ்வளவு மார்க் வெட்டு என்பது ஒவ்வொரு டீச்சரும் முதல் வாரம் தரும் சிலபஸ் தாளில் இருக்கும். அதில்தான் நாம் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்போம், படிக்காமல்.

கொடிமுல்லை:
தீபாவளிக்கு லீவு, டிசம்பரில் ஊருக்குப் போக ஒரு வாரம் முன்பே கிளம்புவது. இந்த இரண்டுக்கும் எப்படி எழுத வேண்டும்?

அட்டவணை:
தீபாவளி: காரணம் என்ற இடத்தில் 'குடும்ப விஷயம்' என்று எழுதாதீர்கள், 'மத அனுசரிப்பு' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். பல மாநிலங்களில் அது அனுமதிக்கப்பட்ட விடுப்பு, விட்ட டெஸ்ட்டைத் திரும்ப எழுதலாம். நியூஜெர்சியில் மாநிலப் பட்டியலிலேயே தீபாவளி இருக்கிறது. நியூயார்க் நகரப் பள்ளிகளுக்கு 2024 முதல் விடுமுறை. கலிபோர்னியாவில் 2026 முதல் மாநில விடுமுறைப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது, ஆனால் பள்ளியை மூடுவது டிஸ்ட்ரிக்ட் முடிவு.

ஒரு நுணுக்கம்: நாம் கொண்டாடுவது நரக சதுர்த்தசி விடியல். பள்ளிக் காலண்டரில் இருப்பது பெரும்பாலும் அமாவாசை லட்சுமி பூஜை நாள். சில வருஷம் இரண்டும் ஒன்றாக வரும், சில வருஷம் ஒரு நாள் தள்ளி. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அன்று பள்ளி இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

ஊர்ப் பயணம் வேறு கதை. 180 பள்ளி நாளில் 10 சதவீதம், அதாவது 18 நாள் வராவிட்டால் 'நாள்பட்ட வருகையின்மை' கணக்கில் விழும். இதில் அனுமதி பெற்ற விடுப்பும் சேரும் என்பதுதான் பலருக்குத் தெரியாதது. டிசம்பரில் ஆறு நாள், திரும்பி வந்து ஜெட்லாகில் இரண்டு நாள், காய்ச்சல் நாலு நாள் என்றால் பன்னிரண்டு ஆகிவிட்டது. தொடர்ந்து இத்தனை நாள் வராவிட்டால் பெயரையே நீக்குகிற டிஸ்ட்ரிக்ட்டுகளும் உண்டு. அந்த எண் எத்தனை என்று டிக்கெட் வாங்கும் முன் கேளுங்கள். கலிபோர்னியாவில் இன்டிபென்டன்ட் ஸ்டடி ஒப்பந்தம் (பள்ளிக்கு வராமல் தானாகப் படிப்பது) இருக்கிறது, கிளம்புவதற்கு முன்பே கேட்டுக் கையெழுத்திடுவது நல்லது, கொடுத்த வேலையை முடித்துத் தந்தால்தான் வருகை ஏறும்.

கணக்குப்பிள்ளை:
போட்டிகள் இரண்டாம் குவியலில் வரும். ஏஎம்சி 8 (கணிதப் போட்டி): 25 கேள்வி, 40 நிமிஷம், கால்குலேட்டர் கிடையாது, தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். நவம்பரில் நடக்கும் என்று பழைய பக்கங்களில் இருக்கும், இப்போது ஜனவரியில். ஆனால் பதிவு ஃபாலிலேயே பள்ளி வழியாக. பள்ளி நடத்தவில்லை என்றால் வெளியிலிருந்து வரும் பிள்ளைகளைச் சேர்க்கும் பக்கத்துப் பள்ளியோ கல்லூரியோ தேட வேண்டும், அந்த இடங்கள் சீக்கிரம் தீரும். இன்னொரு கணிதப் போட்டியான மேத்கவுண்ட்ஸ் 6 முதல் 8 வரை, பிப்ரவரியில் சேப்டர் (வட்டார) போட்டி, பள்ளிக்குள் அணி பிரிப்பது நவம்பர், டிசம்பரில் முடிந்துவிடும். ஸ்பெல்லிங் பீயும் பள்ளி பதிவு செய்திருந்தால்தான். 'நம்ம பள்ளி சேர்ந்திருக்கிறதா' என்று செப்டம்பரிலேயே ஒரு மெயில் போடுங்கள்.

ஏழாம்பீரியட்:
அக்டோபர் கடைசி வாரம் ரெட் ரிப்பன் வாரம், 23 முதல் 31 வரை. போதைப்பொருளுக்கு எதிரானது. 1985-ல் கொல்லப்பட்ட கமரேனா என்ற அதிகாரியின் நினைவாக ஆரம்பித்தது. தினமும் ஒரு உடை தீம் இருக்கும், மூன்றாம் குவியல்தான்.

ஹாலோவீனுக்கு முகமூடி, விளையாட்டுத் துப்பாக்கி, போலி ரத்தம் மூன்றும் பெரும்பாலான பள்ளிகளில் கூடாது. உடை போட அனுமதி உண்டா என்பதே பள்ளிக்குப் பள்ளி மாறும்.

நவம்பர் முதல் ஞாயிறு டேலைட் சேவிங் நேரம் முடிந்து, அதிகாலை 2 மணியைக் கடிகாரத்தில் 1 மணி என்று பின்னால் தள்ளுவார்கள். அரிசோனாவின் பெரும்பகுதிக்கும் ஹவாய்க்கும் இது இல்லை. எல்லாரும் அன்றைக்குப் பிறகுதான் கவலைப்படுவார்கள், ஆனால் காலை இருட்டு மோசமாக இருப்பது அதற்கு முந்தின வாரம். டெட்ராய்ட் மாதிரி நேர மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் அக்டோபர் கடைசியில் சூரியன் உதிக்கவே 8 மணி ஆகிவிடும், பஸ் ஏழுக்கு. மாற்றத்துக்குப் பிறகு இருட்டு மாலைக்கு வரும். பாஸ்டனில் நாலரைக்கெல்லாம் அஸ்தமனம், கிளப் முடிந்து சைக்கிளில் வருகிற பிள்ளைக்கு முன்விளக்கு வெள்ளை, பின்விளக்கு சிவப்பு, பையில் பளிச்சிடும் பட்டை. கறுப்பு ஹூடியைக் கழற்ற மாட்டார்கள், அதன்மேல் பட்டையையாவது ஒட்டுங்கள்.

மாத்திரைப்பெட்டி:
ஃப்ளூ ஊசி அக்டோபருக்குள். போட்ட பிறகு உடம்பு தயாராக இரண்டு வாரம் ஆகும். தேங்க்ஸ்கிவிங் நவம்பரின் நான்காம் வியாழன், அந்தப் பயணக் கூட்டத்துக்கு முன் போட்டிருந்தால் நல்லது.

கொடிமுல்லை:
கடைசியாக ஒன்று. பிடிஏவுக்குப் பிள்ளை வீடு வீடாகப் போய் சாக்லேட் விற்றே ஆக வேண்டுமா?

புளியமரத்தடி:
வேண்டாம், எங்கேயும் கட்டாயம் இல்லை. நேராக ஒரு தொகை கொடுத்துவிடலாம். உங்கள் கம்பெனியில் நன்கொடைக்கு இணையாகப் போடும் திட்டம் இருந்தால் பிடிஏவின் வரி எண்ணைக் கேட்டு வாங்கி, ரசீதோடு டிசம்பர் 31-க்குள் ஏற்றிவிடுங்கள். சில கம்பெனிகள் அந்த வருடக் கொடையை அந்த வருடத்துக்குள்தான் ஏற்கும். காசோலை பிடிஏ பெயரில் இருக்க வேண்டும், பள்ளி பெயரில் எழுதினால் பிடிஏ கணக்கில் போட முடியாது, திரும்பி வரும்.